தோழியை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், யாரிடம் போவது?

வெள்ளிமீன் எழுதியது:

என் கல்லூரித் தோழிக்காகக் கேட்கிறேன். பெயர், ஊர் எதுவும் சொல்ல முடியாது, தமிழ்நாட்டில் ஒரு தென்மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 23, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கூட வேலை பார்த்த ஒரு பையனோடு பழக்கம். பையன் எஸ்.சி., இவள் வேறு சாதி. இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்த யாரோ சித்தப்பாவிடம் போட்டுக்கொடுக்க, அன்று சாயங்காலமே வண்டிச் சாவி, போன், லேப்டாப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். ஆபீஸுக்கு அவள் பெயரில் ராஜினாமா மெயில் அனுப்பியது கூட அவள் தம்பிதான்.

அடித்தார்களா என்றால் முதல் நாள் அடித்திருக்கிறார்கள், இப்போது இல்லை. இப்போது நடப்பது வேறு மாதிரி. அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார், "நான் மருந்தக் குடிச்சுச் சாகுறேன், அப்புறம் நீ நிம்மதியா இரு" என்று ஒரே பாட்டு. அத்தைமார்கள் முறை வைத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே படுக்கிறார்கள், பாத்ரூம் கதவைத் தாழ் போட விடுவதில்லை. மாமா பையனுக்குப் பேசி முடித்தாயிற்றாம், தேதி மட்டும் இவளிடம் சொல்லவில்லை. பாட்டியின் பட்டன் போனிலிருந்து ராத்திரி என்னைக் கூப்பிட்டுக் கிசுகிசுவென்று இவ்வளவையும் சொன்னாள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது: "அப்பா ஒரு வார்த்தை பேசலடி. கத்தினாக்கூடப் பரவாயில்ல."

இது நாளாக நாளாகத் தணிந்துவிடுகிற வீட்டுக் கோபமா, அதற்கு மேலேயா? அவள் அம்மாவுக்கு என்னை நன்றாகத் தெரியும், நேரில் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா? இன்னொன்று, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், நான் அவளை வெளியே கொண்டுவந்தால் என் மேல் ஆள்கடத்தல் கேஸ் வருமா?


ரிட்டயர்டு வாத்தியார்:

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் பெற்றவர்கள் எதிரிகள் இல்லை. போலீஸ், கோர்ட் என்று போனால் உறவு ஒட்டவே ஒட்டாது. அந்தக் குடும்பம் மதிக்கிற பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள், தாய்மாமனோ ஊர்த் தலைவரோ, அவரை வைத்துப் பக்குவமாகப் பேசினால் ஒரு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். நான் பார்த்த சில வீடுகளில் பேரக்குழந்தை பிறந்ததும் சேர்ந்துகொண்டார்கள்.


பெயர் வேண்டாம்:

வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த விஷயத்தில் நீங்கள் சொல்வதைச் செய்தால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். தாய்மாமன் வீட்டுப் பையனுக்குத்தான் பேசி முடித்திருக்கிறார்கள், அதே தாய்மாமனிடம் போய் எதைப் பேசுவது?

வெள்ளிமீன், நான் இதே மாதிரி ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவள். நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் நடந்தது, அந்த அப்பாவின் மௌனம் உட்பட. வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு அப்பாவின் கோபமாகத் தெரியும். உள்ளே இருந்தால்தான் தெரியும், இது ஒரு ஆள் வேலையே இல்லை. குடிகாரப் புருஷன் அடிக்கிறான் என்றால் மாமியாராவது நாத்தனாராவது நடுவில் வந்து தடுக்கக் கூடும். இங்கே எல்லாருமே ஒரு பக்கம். அழுது மடக்குவது அம்மா, கூடப் படுத்துக் காவல் காப்பது அத்தை, போனை நோண்டுவது தம்பி, "இதக்கூட அடக்கத் தெரியலயா, எங்க தலைய நிமிர விடமாட்டியா" என்று அப்பாவைக் குத்திக்கொண்டே இருப்பது சித்தப்பா பெரியப்பா. அப்பாவுக்கு மனசு இளகினாலும் பங்காளிகள் விடமாட்டார்கள். அதனால்தான் ஒரு உறவுக்காரரிடம் நம்பிச் சொன்னது மறுநாள் காலையில் எல்லார் காதிலும் இருக்கும்.

அவள் அம்மாவிடம் பேசப் போகாதீர்கள். நல்ல அம்மாவாகவே இருக்கட்டும். நீங்கள் வந்து போன அன்றைக்கே "யார் மூலமா இவளுக்குத் தெரிஞ்சுது" என்று கேள்வி வரும், பாட்டியின் போன் போய்விடும், அதோடு வெளியுலகத் தொடர்பு அறுந்தது. ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது. அப்புறம் என்னைத் தேடி வந்தவர்களுக்கு எந்த வீட்டில் தேடுவது என்றே தெரியவில்லை.

இன்னொன்றை அவளுக்கு எப்படியாவது சொல்லிவிடுங்கள். திடீரென்று ஒரு நாள் வீடே இனிக்கும். அப்பா பேச ஆரம்பிப்பார். "சரி, உன் இஷ்டம், அந்தப் பையன வரச் சொல்லு, நாங்களே முடிச்சு வைக்கிறோம்" என்பார்கள். நம்பக் கூடாது. வெளியே போன பிறகு "அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஐசியுல இருக்கா, ஒரு தடவ வந்து முகத்தக் காட்டிட்டுப் போ" என்று போன் வந்தாலும் தனியாகப் போகக் கூடாது. என்னையும் அப்படிக் கூப்பிட்டார்கள். அம்மா சும்மாதான் இருந்தார் என்று பக்கத்து வீட்டுப் பெண் மூலம் பிறகு தெரிந்தது.

வெளியே வர முடிவெடுத்தால் (அவள் எடுக்க வேண்டும், நீங்கள் இல்லை) ஒரு குண்டுமணித் தங்கம் கூட எடுத்துக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். போட்டிருக்கிற தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாலும் நல்லதுதான். பெண் போன மறுநாளே "நகையைத் திருடிக்கொண்டு போய்விட்டாள், அந்தப் பையன்தான் தூண்டினான்" என்று புகார் கொடுப்பது ஸ்டேஷனில் பழகிப்போன ஒன்று. பத்தாம் வகுப்பு மார்க்ஷீட், ஆதார் இரண்டும் முக்கியம், வயதுக்கு அத்தாட்சி. அசல் பீரோவில் பூட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், டிஜிலாக்கரில் எடுக்கலாம், இல்லையென்றால் பிறகு நகல் வாங்கிக்கொள்ளலாம். அவள் ஆதாரில் யார் போன் நம்பர் இருக்கிறது, பேங்க் மெசேஜ் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். என் கணக்கில் அப்பா நம்பர் இருந்தது, நான் பணம் எடுத்த ஏடிஎம் எந்த ஊர் என்று அவருக்கு எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தது. பழைய ஜிமெயில் தம்பியின் போனில் திறந்தே இருக்கும், அதே கணக்கைப் புதுப் போனில் போட்டால் எங்கே இருக்கிறாள் என்று அவன் மேப்பில் பார்க்கலாம்.


கறுப்பு அங்கி:

வக்கீலாக இருக்கிறேன், இந்த மாதிரி வழக்குகள் பார்த்திருக்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில். 18 முடிந்தவர் தன் விருப்பத்தில் வீட்டை விட்டு வந்தால் அது கடத்தல் ஆகாது, கூட்டி வந்த தோழி மேல் அந்த வழக்கு நிற்காது. புகார் கொடுப்பார்கள், உங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவும் செய்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். மேஜரான பெண் யாரை வேண்டுமானாலும் திருமணம் செய்துகொள்ளலாம், பிடிக்காத பெற்றோர் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாமே தவிர மிரட்டவோ துன்புறுத்தவோ முடியாது என்று உச்சநீதிமன்றம் 2006-லேயே லதா சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 18 ஆகாத பெண்ணாக இருந்தால் கதையே வேறு, அப்போது குழந்தைகள் உதவி எண் 1098-தான் வழி, பையன் மேல் போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கும் வரலாம்.

மாறாக அந்த வீட்டில் இப்போது நடப்பதுதான் குற்றம். அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 127-வது பிரிவு, மூன்று நாளுக்கு மேல், பத்து நாளுக்கு மேல் போனால் தண்டனையும் கூடும். மிரட்டல் 351. கட்டாயக் கல்யாணத்துக்காகக் கடத்திக்கொண்டு போனால் 87, பத்து வருஷம் வரை சிறை. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழ்கிற ரத்த உறவும் அதில் வரும், மகள் அப்பா மேலும் அண்ணன் மேலும் மனு போட்டுப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

உள்ளே இருப்பவளை வெளியே எடுக்க இரண்டு வழி. ஒன்று, மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்துத் தேடுதல் வாரண்ட் வாங்குவது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) 97, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 100. இன்னொன்று உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. தென்மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. அந்தப் பையன்தான் போட வேண்டும் என்றில்லை, தோழி நீங்களே போடலாம். நீதிபதிகள் பெண்ணை வரவழைத்து, பெரும்பாலும் வீட்டார் இல்லாமல் தனியாகப் பேசி, அவள் எங்கே போக விரும்புகிறாளோ அங்கே அனுப்புவார்கள். இதில் வழக்கே அவள் வாயில்தான் நிற்கிறது. போகிற வழியெல்லாம் காரில் அம்மா காலில் விழுந்து அழுதிருப்பார், கோர்ட்டில் "நான் வீட்டுக்கே போறேன்" என்று சொல்லிவிட்டால் அதோடு மனு முடிந்துவிடும். அதனால் முன்கூட்டியே அவள் கையெழுத்தில் ஒரு தாள் வேண்டும். தேதி போட்டு, "என்னை இன்னார் இன்னார் அடைத்து வைத்திருக்கிறார்கள், என் சம்மதம் இல்லாமல் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், நான் வெளியே போக விரும்புகிறேன், எனக்கு ஏதாவது ஆனால் இவர்கள்தான் பொறுப்பு" என்று. தாள் முடியாவிட்டால் பட்டன் போனில் அவள் பேசுவதை உங்கள் பக்கம் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள்.

ஆணவக் கொலைகளைத் தடுக்க உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 27-ல் கொடுத்த சக்தி வாகினி தீர்ப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டம்தோறும் எஸ்.பி., மாவட்டச் சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் சேர்ந்த சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், மாவட்டத் தலைநகரில் பாதுகாப்பு இல்லம், எல்லாம் அதில் இருக்கிறது. தம்பதிக்கு மட்டும் என்றில்லை, வீட்டு எதிர்ப்பில் இருக்கிற கல்யாணமாகாத ஜோடிக்கும் அந்த இல்லம் உண்டு. தெரிந்தே கை கட்டி நின்ற அதிகாரி மேல் துறை நடவடிக்கை என்றும் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை, உசிலம்பட்டிப் பக்கம் 2014-ல் ஒரு பெண் இறந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2016-லேயே இந்தச் சிறப்புப் பிரிவை அமைக்கச் சொன்னது. எல்லா மாவட்டத்திலும் இது உயிரோடு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஆனால் மனுவில் இந்தத் தீர்ப்பின் பெயரை எழுதி எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினால், வாங்கின அதிகாரி அதைக் குப்பையில் போட யோசிப்பார். லோக்கல் ஸ்டேஷனுக்கு நேராகப் போகாதீர்கள். அங்கே ஏட்டோ ரைட்டரோ அந்த வீட்டுக்கு வேண்டியவராக இருந்தால் நீங்கள் படியிறங்குவதற்குள் தகவல் போயிருக்கும். சம்பவம் நடந்த எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யலாம், அதற்கு ஜீரோ எப்.ஐ.ஆர். என்று பெயர், வேறு ஊரில் கொடுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், போன் என்றால் 15100.


ரிட்டயர்டு வாத்தியார்:

நான் பெரியவர்களை வைத்துப் பேசச் சொன்னது கட்டப்பஞ்சாயத்து இல்லை. இருந்தாலும் மாமன் வீட்டுச் சம்பந்தம் என்பதைக் கவனிக்கவில்லை. என் ஆலோசனை இந்த வீட்டுக்குப் பொருந்தாதுதான்.


நீலப்பறவை:

பெண்களுக்கான அரசு மையம் ஒன்றில் ஆலோசகராக வேலை. எல்லாரும் பெண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பையனை யாராவது நினைத்தீர்களா? அவன் எஸ்.சி. என்கிறீர்கள். இந்த மாதிரி விஷயத்தில் அரிவாள் முதலில் அந்தப் பக்கம்தான் போகிறது. உடுமலையில் 2016 மார்ச்சில் பஸ் ஸ்டாண்டு அருகே, பட்டப்பகலில் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிய சங்கரை வெட்டிக் கொன்றதைத் தமிழ்நாடே கேமராவில் பார்த்தது. விருத்தாசலம் பக்கத்தில் 2003-ல் நடந்த கண்ணகி, முருகேசன் கொலையில் பெண்ணும் தப்பவில்லை, பெண்ணின் அப்பாவும் அண்ணனும் அதில் குற்றவாளிகள், வழக்கைத் திரித்த போலீஸ்காரர்களும் தண்டனை வாங்கினார்கள், 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்ய 22 வருஷம் ஆகியிருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பையன் இப்போது எங்கே தங்கியிருக்கிறான், அவன் அப்பா அம்மா அதே ஊரிலா, வேலைக்குப் போகிற பாதையை மாற்றிவிட்டானா என்று இன்றைக்கே கேளுங்கள். அவன் கோபத்தில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது, ஸ்டேட்டஸில் போட்டோ போடக் கூடாது. மிரட்டல் வந்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அவன் தனியாகப் புகார் கொடுக்கலாம், அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கிற உரிமை தனியாகவே இருக்கிறது.

பெண்கள் உதவி எண் 181 பற்றி. அதை 24 மணி நேரமும் எடுப்பார்கள், பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை, முதலில் நீங்கள் பேசுங்கள். பேசும்போது "வீட்டில் பிரச்சினை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், பேசுபவர் அதைக் குடும்பத் தகராறு என்று எடுத்துக்கொண்டு இரண்டு தரப்பையும் கவுன்சிலிங்குக்குக் கூப்பிடலாம் என்பார். "23 வயதுப் பெண், வேற்றுச் சாதிப் பையன், அடைத்து வைத்திருக்கிறார்கள், கட்டாயக் கல்யாணம், உயிருக்கு ஆபத்து, வீட்டாருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும்" என்று அந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். சமரசப் பேச்சு வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கிருந்து உங்கள் மாவட்டத்தின் சகி மையத்துக்கு (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு மையம்) இணைப்பார்கள், மையத்தில் சில நாள் தங்கலாம், மருத்துவம், சட்டம், போலீஸ் மூன்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு, அதற்கு மேல் தங்க வேண்டுமானால் விடுதிக்கு மாற்றுவார்கள். சொந்த மாவட்டத்து மையம் வேண்டாம் என்று அவள் நினைத்தால் அதையும் கேட்கலாம், கேட்டால்தான் கிடைக்கும். கையில் கத்தி, கதவு உடைகிறது என்கிற நிலைமை என்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.

பாட்டியின் போனில் கால் லிஸ்ட் அழிக்கத் தெரியுமா அவளுக்கு? உங்கள் நம்பரை அதில் சேமிக்கவே கூடாது, பேசி முடித்ததும் அந்த ஒரு காலை மட்டும் அழிக்க வேண்டும், மொத்தத்தையும் அழித்தால் சந்தேகம் வரும். நீங்களாக ஒருபோதும் அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள்.


வெள்ளிமீன்:

எல்லாருக்கும் நன்றி. பையனிடம் பேசிவிட்டேன், அவன் ஏற்கெனவே அறையை மாற்றிவிட்டான், அப்பா அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறான். 181-இல் பேசினேன், நீலப்பறவை சொன்ன வார்த்தைகளையே சொன்னேன், கேட்டுக்கொண்டவர் ஒரு இடத்திலும் "பெத்தவங்கதானே" என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். போலீஸோ மையத்து ஆட்களோ வீட்டுக்குப் போகும்போது அப்பா வாசலிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து, "ஒண்ணுமில்ல சார், பொண்ணுக்குக் கல்யாணம், யாரோ வேண்டாதவங்க கிளப்பி விட்டிருக்காங்க" என்பார். அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் எல்லாரும் சுற்றி நிற்க "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவாள். அவள் அப்படித்தான். அப்போது? அப்புறம் பையன் உடனே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துவிட்டால் பாதுகாப்பு என்கிறான், அது சரியா?


கறுப்பு அங்கி:

வாசலில் கேட்ட பதிலுக்கு மதிப்பில்லை என்று முன்கூட்டியே மனுவில் எழுதுங்கள். பெண் காவலரும் பாதுகாப்பு அலுவலரும் வீட்டுக்கு வெளியே, உறவினர் யாரும் கேட்க முடியாத இடத்தில் தனியாகப் பேச வேண்டும், முடிந்தால் மையத்துக்கே கூட்டிவந்து கேட்க வேண்டும் என்று கோருங்கள். அவள் கையெழுத்திட்ட தாளோ குரல் பதிவோ கூட இருந்தால் வாசலில் வருகிற "நல்லாத்தான் இருக்கேன்" அதற்கு எதிராக நிற்காது. அவளிடமும் ஒன்று சொல்லி வையுங்கள், எல்லார் முன்னாலும் வாயைத் திறக்க வேண்டாம், வந்திருக்கிற பெண் அலுவலரைப் பார்த்து "எனக்குத் தனியாப் பேசணும்" என்று அந்த மூன்று வார்த்தை மட்டும் சொன்னால் போதும்.

கல்யாணத்துக்கு அவசரப்பட வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு, அதைப் பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், நீங்கள் ஒளிந்திருக்கும்போது பேரையும் முகவரியையும் நீங்களே ஊருக்கு ஒட்டிக்காட்டின மாதிரி ஆகிவிடும். இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம் செய்யலாம், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில் முன்னறிவிப்பு தேவையில்லை, பிறகு பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பையனுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் வெளியே வந்து ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கி எழுந்து யோசித்துவிட்டு "ஆமாம், கல்யாணம் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாவிட்டாலும் மேஜர் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கேட்கிற உரிமை அப்படியே இருக்கிறது.


பெயர் வேண்டாம்:

வெள்ளிமீன், வெளியே வந்த பிறகு முதல் சில வாரம் அவள் அம்மாவை நினைத்து அழுவாள், போன் செய்யட்டுமா என்று நச்சரிப்பாள். திட்டாதீர்கள். உங்கள் நம்பரிலிருந்து செய்யவிடாதீர்கள், மையத்திலோ வக்கீல் ஆபீஸிலோ இருந்து, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பேசட்டும். நான் அப்படித்தான் பேசினேன், ஸ்பீக்கரில் போட்டு.